கயாக் துணி தொய்கிறதா? குறடை எடுப்பதற்கு முன்

மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திக் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகு செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கேயாவது சுருக்கம் தெரிந்தால் போதும், குறடை எடுத்துக்கொண்டு இழுக்க ஆரம்பித்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒன்டாரியோவில் என் வீட்டுக் கராஜில் இதுவரை நான்கு படகு செய்திருக்கிறேன். முதல் இரண்டுக்கும் துணியை அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி போர்த்த வேண்டி வந்தது. இரண்டிலும் இழுப்பில் குறையே இல்லை. ஒன்றில் இழுத்த திசை தப்பு, மற்றதில் இழுத்த நாள் தப்பு.

நான் செய்வது கிரீன்லாந்து வகை. மேலே இரண்டு பக்கமும் ஓரக்கட்டை, அதில் சொருகிய வளைந்த விலாக்கள், அடியில் நடுவே முனைக்கு முனை ஓடும் முதுகெலும்புக் கட்டையான ஏரா, அதற்கு இணையாக இரண்டு பக்கமும் நீளக் கம்புகள். துணி அடியிலிருந்து மேலே வந்து, மேல்தளத்தின் நடுக்கோட்டில் ஒன்றோடு ஒன்று தைக்கப்படும். உட்காரும் வாயைச் சுற்றி ஒரு மர வளையம். உங்கள் படகு வேறு வகை என்றாலும் துணியின் குணம் மாறாது.

முதலில் மூன்று கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். துணி என்ன? சுருக்கம் எப்போது வந்தது? எந்தப் பக்கமாக ஓடுகிறது?

துணியைப் பொறுத்தவரை, நைலான் ஈரம் குடித்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது நைலான் தன் எடையில் சுமார் 4 சதவீதத் தண்ணீரை வைத்துக்கொள்கிறது. அதே காற்றில் பாலியஸ்டர் வைத்துக்கொள்வது 0.4 சதவீதம்தான், அதனால் அது மழைக்கும் வெயிலுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கேன்வாஸ் தலைகீழ். பருத்தி நூல் நனைந்தால் தடிக்கும். தடித்த நூல்களைச் சுற்றி ஏறி இறங்க மற்ற நூலுக்கு அதிக நீளம் செலவாகும். ஆகவே துணி மொத்தமாகக் குறுகும். மழையில் நனைந்த பருத்திக் கொடிக்கயிறு விறைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். நனைந்தால் கேன்வாஸ் இறுகும், நைலான் தளரும். இது தெரியாமல் கேன்வாஸில் ஊறியவர் சொல்லும் யோசனையை நைலானில் செய்து பார்த்தால் வம்பு.

திசைக்கு ஒரு சின்னச் சோதனை. ஒரு கைக்குட்டையை எதிரெதிர் மூலைகளில் பிடித்து இழுங்கள். கோடுகள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஓடும். அதாவது சுருக்கம் ஓடும் திசையில் துணிக்கு இழுப்பு இருக்கிறது. அதற்குக் குறுக்கே உள்ள திசையில்தான் இல்லை. படகிலும் இதேதான். சுருக்கத்தின் வழியே இழுத்தால் அது இன்னும் ஆழமாகும்.

விலாக்களுக்கு இணையாக, குறுக்கே வரிவரியாகச் சுருக்கம்

இது நீளவாக்கு இழுப்புப் போதாததன் அடையாளம். பெரும்பாலும் முனைகளுக்கும் வாய்க்கும் நடுவே தெரியும். நடுத்தையலை எவ்வளவு இறுக்கினாலும் போகாது. குறுக்கே இறுக்கிவிட்ட துணி ஓரக்கட்டையில் அழுந்திக்கொள்ளும், அதன் பிறகு நீளவாக்கில் அசையவே அசையாது.

ஆகவே நடுத்தையலை முழுதாகப் பிரித்துவிட்டு முனையிலிருந்து தொடங்க வேண்டும். நான் செய்வது இப்படி. சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, துணியின் நடுக்கோட்டை ஏராவின் மேல் வைத்து, முன்முனையில் துணியை மடித்து ஒரு சின்ன உறை தைப்பேன், காலுறையின் விரல்நுனி மாதிரி. அது முன்முனையைக் கவ்விக்கொள்ளும். பின்முனைக்கும் அதே போல் ஓர் உறை. ஆனால் அதை வேண்டுமென்றே குட்டையாகத் தைக்க வேண்டும். 5.2 மீட்டர் படகுக்கு, நனைத்த நைலான் என்றால், முனை வருவதற்கு 6 சென்டிமீட்டர் முன்பே உறை முடிந்துவிடும்படி தைக்கிறேன். அப்புறம் அதை இழுத்து மாட்ட வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். முதல் முறை தனியாக முயன்று, படகு அதைத் தாங்கி நின்ற கட்டையோடு சேர்ந்து என் மேல் வந்தது. இப்போதெல்லாம் மச்சான் முன்பக்கத்தைக் கட்டிப்பிடித்துச் சுவரில் காலை ஊன்றிக்கொள்வார், நான் பின்னால் உறையின் இரண்டு பக்க விளிம்பையும் குறடால் பிடித்து அரை அரை சென்டிமீட்டராக ஏற்றுவேன். உறை முனையில் ‘டக்’ என்று உட்காரும்போது, நடுவில் தொங்கிக்கொண்டிருந்த துணி தூக்கி நிறுத்தியது போல் எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் ஏராவின் மேல் கையை ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் துணி தனியாகத் தொங்கக்கூடாது, சட்டத்தின் சாய்விலேயே கிடக்க வேண்டும். கிடக்கவில்லை என்றால் உறையைப் பிரித்து இன்னும் 1 சென்டிமீட்டர் குறைத்துத் தையுங்கள். இங்கே சோம்பல்பட்டால் மிச்ச வேலை முழுக்க அதற்கான அபராதம்.

முனையிலிருந்து வாய் நோக்கி நீளமாக ஓடும் சுருக்கம்

இதற்குப் பதறவே வேண்டாம். குறுக்கு இழுப்பு மட்டும் குறைவு. நடுத்தையலை ஒரே மூச்சில் இறுக்கித் தைக்க முயன்றிருப்பீர்கள்.

கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் கால்மாட்டில் என்ன செய்வோம்? கயிற்றை ஒரே இடத்தில் பிடித்து இழுக்கமாட்டோம். ஒரு ஓரத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாக இழுத்துக்கொண்டே போய், மறு ஓரத்தில் சேர்ந்த மிச்சத்தை முடிந்து, மறுபடி முதலிலிருந்து வருவோம். இதிலும் அதே. துணியின் இரண்டு விளிம்பையும் ஒரு மெல்லிய கயிற்றின் மேல் மடித்து ஓட்டுத்தையல் போட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் இழுக்கும்போது நூல் துணியை அறுத்துக்கொண்டு வராது. பிறகு ஷூ லேஸ் மாதிரி மெழுகு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, 3 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் கோத்து, முனையிலிருந்து வாய் வரை ஒரு முறை லேசாக, இரண்டாம் முறை நன்றாக, மூன்றாம் முறை உள்ளங்கை எரிகிற அளவுக்கு. விளிம்புகள் ஒன்றையொன்று தொட்ட பிறகுதான் சுற்றுத்தையல். வெட்டிய நைலான் ஓரத்தைச் சூடான சாலிடரிங் கம்பியால் உருக்கி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நூல் நூலாகப் பிரிந்து வரும்.

வெறும் கையில் மெழுகு நூலை இழுத்தால் சுண்டுவிரல் மடிப்பில் வெட்டும். தோட்ட வேலைக் கையுறை போதும்.

ஒரு பக்கம் மட்டும் மூலைவாக்கில் சுருக்கம், மறுபக்கம் பளிச்சென்று இருக்கிறது

என் முதல் படகு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்வைக்குச் சின்னதாகத் தெரிவது இது. படகையே கெடுப்பதும் இது.

முன்பக்கம் இடதுபுறத்தில், ஏராவிலிருந்து ஓரக்கட்டை வரை சாய்ந்து ஏறும் நான்கைந்து கோடுகள். வலதுபுறம் கண்ணாடி மாதிரி. இடது பக்கம் இழுப்புப் போதவில்லை என்று நினைத்து அந்தப் பக்கமே இழுத்தேன். கோடு கொஞ்சம் நகர்ந்து பின்னால் போனது. அங்கேயும் இழுத்தேன். மாலைக்குள் கோடுகள் வாய் வரை வந்துவிட்டன. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கராஜ் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “துணி கிராஸ்ல விழுந்திருக்குடா. ரவிக்கைக் கை ஏத்துறப்போ ஒரு பக்கம் முன்னால போனா இப்படித்தான் முறுக்கும்” என்றார். பிறகு டீ ஆறுகிறது என்று உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னதுதான் சரி. நெசவில் பாவு நூல் படகின் நீளத்துக்கும் ஊடை நூல் குறுக்காகவும் நேராக ஓட வேண்டும். நான் நடுத்தையல் போடும்போது இடது விளிம்பை ஒவ்வொரு தையலுக்கும் சற்றே முன்னால் தள்ளிப் பிடித்திருக்கிறேன். ஒரு தையலுக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்தால்கூட ஐம்பது தையலில் 10 சென்டிமீட்டர். ஊடை நூல் சாய்ந்துவிட்டது. சாய்ந்த துணி நேராக முயலும்போது சட்டத்தைத் தன்னோடு முறுக்கும்.

முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க: இரண்டு நேரான குச்சிகளை எடுத்து, ஒன்றை முன்பக்க ஓரக்கட்டைகளின் குறுக்கேயும் மற்றொன்றைப் பின்பக்கத்திலும் வையுங்கள். படகின் பின்னால் குனிந்து, கண்ணை ஒரு குச்சியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து மற்றதைப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிந்தால் தப்பித்தீர்கள். என்னுடையதில் ஒரு முனை ஒரு விரல் அகலம் தூக்கிக்கொண்டு நின்றது. அப்படி முறுக்கிய படகு தண்ணீரில் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும், வாழ்நாள் முழுக்க அதைத் திருத்தித் திருத்தித் துடுப்புப் போட வேண்டும்.

பிரிப்பதைத் தவிர வழியில்லை. பிரித்தபின், துணியை நனைப்பதற்கு முன்பே, ஊடை நூலைப் பிடித்துக்கொண்டு 50 சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குக்கோடு பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். தைக்கும்போது அந்தக் கோட்டின் இரண்டு நுனியும் நடுத்தையலில் நேருக்கு நேர் வந்து சேர வேண்டும். ஒன்று முந்தினால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தலாம், ஐம்பது தையல் கழித்து அல்ல. கோடுகள், தண்ணீர் புகாமலிருக்கத் துணி மேல் கடைசியாகப் பூசும் பூச்சுக்குள் மங்கலாகத் தெரியும் என்று சிலர் போடமாட்டார்கள். எனக்கு அவை தெரிவது பிடிக்கும்.

சட்டமும் முறுக்கியிருந்தால், தைப்பதற்கு முன் அதைத் தாங்கும் கட்டைகளோடு சேர்த்துக் கட்டி, குச்சிகள் இணையாகும் வரை எதிர்ப்பக்கம் ஆப்பு வைத்து நிறுத்துங்கள். தைத்து, துணி முழுக்கக் காய்ந்த பிறகே கட்டுகளை அவிழ்க்க வேண்டும்.

வாய் வளையத்தைச் சுற்றிக் கொசுவம்

சதுரத் துணியை வட்டத்தில் இழுக்கிறோம். நாலு திசையில் இழுப்பு நேராகப் போகும். நடுவே உள்ள மூலைத் திசைகளில் துணி கிராஸ் ஆவதால் தளர்ந்து கொசுவம் வைத்துக்கொள்ளும். வளையத்தின் முன்பக்கம், உங்கள் முழங்காலுக்கு மேலே, இது அதிகம்.

காரணம் அநேகமாக வாயை அளவுக்கு மேல் வெட்டியது. வெட்டும்போது வளையத்தின் உள்வட்டத்தைவிட 8 சென்டிமீட்டராவது சிறியதாக வெட்டுங்கள். குறடு பிடிக்க இடம் இருந்தால்தான் இழுக்க முடியும். வளையத்தை வைத்து, முதலில் முன்னும் பின்னும், பிறகு இடதும் வலதும் ஒவ்வொரு ஊசியால் நிறுத்தி, அதன்பின் ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் ஒன்று என்று பிரித்துக்கொண்டே போனால் கொசுவம் சிறிது சிறிதாகப் பங்கிடப்பட்டு மறையும். கடிகாரச் சுற்றாகத் தொடர்ந்து தைத்தால் மொத்தமும் கடைசி இரண்டு அங்குலத்தில் வந்து குவியும். மிஞ்சும் சின்னச் சுருக்கத்துக்கு, நைலானானால், ஈரத்துணி போட்டு மிதமான இஸ்திரி. அவ்வளவுதான்.

தைத்த அன்று முரசு, ஆறு மாதத்தில் தொளதொள

என் இரண்டாம் படகு. ஜனவரியில் போர்த்தினேன். வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர். அந்தக் காற்றில் உதடு வெடிக்கும், கம்பளி தொட்டால் ஷாக் அடிக்கும். துணியை நனைக்காமல் காய்ந்தபடியே இழுத்துத் தைத்தேன். விரலால் தட்டினால் ‘டும்’ என்றது. பெருமையோடு பூச்சும் பூசினேன். ஜூலையில் ஜார்ஜியன் வளைகுடாவில் இறக்கி அரை நாள் ஓட்டிவிட்டுக் கரையேற்றியபோது, மேல்தளத்தில் கையை வைத்தால் குழி விழுந்தது.

நைலான் அப்போதுதான் தன் முழு நீளத்துக்கு வந்திருக்கிறது. 5.2 மீட்டர் துணி ஒரே ஒரு சதவீதம் நீண்டாலும் 5 சென்டிமீட்டருக்கு மேல். அதை எந்தத் தையல் மறைக்கும்? நான் அதன் மிகக் குட்டையான நாளில் அளவெடுத்துத் தைத்திருக்கிறேன். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன் குழந்தைக்குச் சட்டை தைத்த கதை.

பறை அடிப்பவர்கள் ஆட்டத்துக்கு முன் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவது எதற்கு? ஈரக் காற்றில் தோல் தளர்ந்து ஓசை செத்துவிடும்; சூட்டில் ஈரம் போனால் தோல் இறுகிக் குரல் திரும்பும். நைலானுக்கும் இதே குணம். கிரீன்லாந்தில் கடல்நாய்த் தோலால் கயாக் போர்த்திய பெண்கள் தோலை ஈரமாக வைத்துக்கொண்டே விலங்கு நரம்பு நூலால் தைத்தார்கள். காயும்போது தோல் தானே இறுகிக்கொள்ளும். நைலானுக்கும் இழுவையில் பாதியைக் கையிடம் விடுங்கள், மீதியைத் துணி காய்வதிடம் விடுங்கள்.

எது வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, படகை உலர்ந்த அறையில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். விறைப்புத் திரும்பிவிட்டால் அது ஈரத் தொய்வு மட்டுமே. திரும்பாவிட்டால் தையல் தளர்ந்திருக்கும், அல்லது சட்டத்தின் கட்டுகள். திரும்புகிறது, ஆனால் தண்ணீரில் இறக்கியதும் மறுபடி போய்விடுகிறது என்றால், என்னைப் போல வறண்ட நாளில் தைத்திருக்கிறீர்கள்.

பூச்சு பூசியபின் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்பார்கள். பூச்சு வெளிப்பக்கம்தான். உட்பக்கத்தில் துடுப்பிலிருந்து சொட்டியது, நனைந்த உடை, வியர்வை, போதாததற்குக் காற்றின் ஈரம். பூச்சு தண்ணீரைத் தடுக்கும், நைலானின் பழக்கத்தை மாற்றாது.

புதிதாகத் தைக்கும்போது: துணியைத் தொட்டியில் ஊறப்போட்டு, பிழிந்து, ஈரத்தோடு போர்த்துங்கள். வேலை நீண்டால் ஸ்பிரே பாட்டிலால் தெளித்துக்கொண்டே இருங்கள். பாதியில் காய்ந்தால் காய்ந்த பாதி ஒரு அளவிலும் ஈரப் பாதி ஒரு அளவிலும் போகும். தைத்து முடித்து ஈரத்தோடு இருக்கும்போதே சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். அதுதான் அதன் மிகத் தளர்ந்த நிலை, இனி எந்த ஏரியும் அதைவிட மோசமாக்காது.

கடலோரத்தில், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ, ஆண்டு முழுக்கப் பிசுபிசுக்கும் காற்றில் செய்யப் போகிறவர் என்னிடம் கேட்டால் நைலானே வேண்டாம் என்பேன். பாலியஸ்டருக்குப் போங்கள்.

குளிர்காலத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம்

மேலே சொன்ன பாடத்தை அளவுக்கு மேல் படித்துவிட்டால் வருவது. மூன்றாம் படகை ஜூலையில் நனைத்துத் தைத்தேன், அதோடு என் பலம் முழுவதையும் காட்டினேன். ஜனவரியில் ஒரு இரவு, எல்லோரும் தூங்கியபின், கராஜில் சத்தம். ஏதோ சரிந்து விழுந்தது என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் வாய்க்குப் பின்னால் ஒரு விலா அதன் வளைவில் ஒடிந்திருந்தது. அதன் குறுக்கே துணி தகரம் போல இருந்தது.

ஒடியும் முன் சில அறிகுறி தெரியும். விலாக்களின் வடிவம் துணிக்கு வெளியே எலும்பாகத் துருத்தும். முனைகள் சற்று மேலே தூக்கும். தையல் ஊசித் துளைகள் நீண்டு கீறலாகும். இவற்றைப் பார்த்தால் படகை ஹீட்டர் உள்ள இடத்திலிருந்து உடனே வெளியே எடுங்கள். ஈரத்துணியால் உட்பக்கம் துடைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் இளகும். குளிர்காலம் முழுக்கச் சூடேற்றாத கொட்டகையில் வைப்பது எல்லாவற்றிலும் நல்லது.

அடுத்த படகுக்கு என் அளவு: நனைத்த நைலானில், இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 1 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் இழுக்கமாட்டேன். காய்ந்ததும் அது தானே ‘டும்’ என்று ஆகிவிடும். நனைத்துத் தைத்ததோடு மாட்டின் பலத்தையும் சேர்த்தால் கணக்கு இரட்டிப்பாகிறது.

பாலியஸ்டர் நன்றாக இழுத்தும் அங்கங்கே தளர்வு

பாலியஸ்டரை நனைத்துப் பயனில்லை. அதற்குச் சூடுதான் மருந்து. சிறிய விமானங்களின் இறக்கைக்குப் போர்த்தும் பாலியஸ்டர் துணி இதற்கென்றே நெய்தபின் சூட்டில் நிலைப்படுத்தாமல் விடப்படுகிறது. இஸ்திரி போட்டால் 10 சதவீதம் வரை சுருங்கும். அமெரிக்காவில் பிளாட் மான்ஃபோர்ட் வடிவமைத்த ஜியோடெசிக் ஏரோலைட் படகுகள் இந்த வித்தையில் உருவானவைதாம்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, கடையில் கிடைக்கும் எல்லாப் பாலியஸ்டரும் சுருங்காது. ஆலையிலேயே சூட்டில் நிலைப்படுத்திச் சாயம் போட்டு வந்த துணிக்கு அந்தச் சக்தி தீர்ந்திருக்கும். வாங்குவதற்கு முன் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி, 20 சென்டிமீட்டருக்கு இரண்டு புள்ளி வைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு, இஸ்திரிப் பெட்டியின் டயல். அதில் எழுதியிருப்பதற்கும் அடித்தட்டின் சூட்டுக்கும் பல சமயம் சம்பந்தம் இருக்காது. விமானத் துணிக்குப் படிப்படியாக 121, 149, 177 டிகிரி செல்சியஸ் என்று ஏற்றுவார்கள். 177-க்கு மேல் போனால் இறுக்கம் கூடுவதற்குப் பதில் குறைய ஆரம்பிக்கும், அது திரும்பாது. 250-ஐத் தாண்டிப் போனால் உருகல்தான். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி அடித்தட்டை அளந்துகொள்ளுங்கள். அடித்தட்டு பளபளவென்று மின்னினால் வெப்பமானி குறைத்துக் காட்டும். அதில் கருப்பு டேப் ஒட்டிப் படிப்பது நல்லது.

முழுப் படகையும் ஒரே சூட்டில் ஒரு சுற்று, அப்புறம்தான் அடுத்த படி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வருகிறேன் என்றால், மேலே சொன்ன முறுக்கல் இங்கேயும் வரும். நடுத்தையலுக்கு மேல் இஸ்திரியை நிறுத்தாதீர்கள். நூலின் மெழுகு உருகித் துணியில் பரவினால் அந்த இடத்தில் பூச்சு ஒட்டாது. இது எனக்கே நடந்தது, கைக்குட்டை அகலத்துக்கு மீன்செதில் மாதிரி உரிந்து வந்தது.

நைலானுக்கும் இஸ்திரி ஓரளவு கேட்கும், ஆனால் அதில் ஒரு வகை 220 டிகிரியிலேயே உருகும். ஆகவே துண்டுத் துணியில் சோதிக்காமல் தொடவே வேண்டாம்.

பூச்சு காய்ந்தபின் வரி வரியாகத் தெரிகிறது

தளர்ந்த நாளில் பூசியிருக்கிறீர்கள். சுருக்கத்தின் பள்ளத்தில் பூச்சு தேங்கித் தடித்துவிட்டது. பிறகு துணி இறுகினாலும் அந்தக் கோடு தழும்பாக இருக்கும். ஓட்டத்தைப் பாதிக்காது, கண்ணைத்தான் உறுத்தும். உரசி மழுக்க முயன்று துணியின் நூலையே அறுத்தவர்கள் உண்டு, விட்டுவிடுங்கள். அடுத்த முறை, நைலான் நன்றாகக் காய்ந்து விறைத்திருக்கும் நாளில், மெல்லிய கோட்டிங்காக ரப்பர் தகட்டால் இழுத்து இழுத்துப் பூசுங்கள்.

வரிக்குப் பதில் கொப்புளம் என்றால் அது இழுப்புப் பிரச்சினை இல்லை. இரு பகுதிகளைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் பூச்சின் கடினமாக்கி ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயுவை உண்டாக்கும். மேலே காய்ந்ததாகத் தெரிந்த துணிக்குள் ஈரம் இருந்திருக்கிறது. தைத்தபின் இன்னும் ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

பழைய படகு, உலர்த்தியும் விறைப்பு வரவில்லை

முதலில் உள்ளே டார்ச் அடித்துச் சட்டத்தைப் பாருங்கள். மரம் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து சுருங்கியிருக்கலாம், கட்டு நூல் நழுவியிருக்கலாம். துணி அதே அளவில்தான் இருக்கும், சட்டம் சின்னதாகியிருக்கும். அப்போது துணியை இழுப்பதைவிடச் சட்டத்தைப் பெரிதாக்குவது சுலபம். வாய் வழியாகக் கை எட்டுகிற தூரம் வரை, ஏராவுக்கும் துணிக்கும் நடுவே 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள, ஓரம் மழுக்கிய மெல்லிய மரப்பட்டையைச் சொருகுங்கள். நடுப்பகுதி முழுக்க இறுகிவிடும். முனைகளுக்குக் கை எட்டாது. அங்கே காற்றுப் பைகளை வைத்து ஊதிவிடலாம்.

ஜெர்மனியின் கிளெப்பர் நிறுவனம் தன் ஏரியஸ் மடக்குப் படகுகளில் இதை வடிவமைப்பாகவே செய்தது. இரண்டு பக்கமும் துணிக்குள் நீளமான காற்றுக் குழாய். படகைக் கூட்டியபின் ஊதினால் துணி விறைக்கும். ஹன்னஸ் லிண்டமன் 1956-இல் 72 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது அப்படி ஒரு படகில்தான். ஆகவே காற்றை நம்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டும் போதாவிட்டால் துணி மாற்ற வேண்டும். பூச்சு பூசிய துணியைப் பிரித்து மறுபடி தைக்க முடியாது, ஊசியே இறங்காது.

தண்ணீரில் இருக்கும்போது கம்புகளுக்கு நடுவே துணி உள்வாங்குகிறது

இதற்கு எதுவும் செய்யாதீர்கள். தண்ணீர் வெளியிலிருந்து தள்ளுகிறது. கம்புக்குக் கம்பு துணி கொஞ்சம் குழிவதுதான் இயல்பு. ஒகேனக்கல் பரிசலில் உட்கார்ந்தவர்கள் காலுக்குக் கீழே மூங்கில் பின்னலுக்கு நடுவே உறை அமுங்குவதை உணர்ந்திருப்பார்கள், அதே தண்ணீர்தான் இதுவும். உள்ளே கையை விட்டுப் பாருங்கள். குழிவு ஒரு விரல் தடிமனுக்குள் இருந்தால் படகை எடுத்துக்கொண்டு போய் ஓட்டுங்கள். அதற்கு மேல் போனால் மட்டும், கரையேற்றி உலர வைத்துவிட்டு, அந்த இரண்டு மூன்று நாள் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.